நான் கொடுக்காத நிலத்தில் ஒரு பூங்கா

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற சாலையில், எங்கள் ஊருக்குத் திரும்பும் முனையில் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. பஞ்சாயத்துப் பூங்கா என்றால் என்னவெல்லாம் இருக்குமோ அதெல்லாம் அங்கேயும் உண்டு. சிமென்ட் நடைபாதை, இரண்டு ஊஞ்சல், கையால் சுற்றுகிற உடற்பயிற்சிச் சக்கரம், போட்ட மறுவாரமே ஒரு பக்கம் சாய்ந்துவிட்ட பெஞ்சு. மற்ற பூங்காக்களில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. ஒரு கருங்கல் பலகை. வெளிநாட்டு வேலை என்று நம்பிப் போய், அங்கே அடைபட்டுக் கிடந்த எங்கள் ஊர்க்காரர்கள் மூன்று பேரின் பெயர் அதில் வெட்டியிருக்கிறது. அந்த மூன்று பெயருக்கும் கீழே, அவற்றைவிட ஒரு விரற்கடை பெரிய எழுத்தில் நான்காவது பெயர் ஒன்றும் இருக்கிறது. ‘நிலம் உதவியவர்’ என்று போட்டு என் பெயர்.

நான் எந்த நாட்டிலும் அடைபடவில்லை. எனக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. நிலமும் உதவவில்லை. ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்று சொல்வார்கள். அதில் வருகிறவளாவது ஊரார் நெய்யை இலையில் ஊற்றினாள். நான் ஊரார் நெய்யை என் வீட்டு அடுக்களையில் ஒளித்து வைத்திருந்தவன். கடைசியில் வேறு வழியில்லாமல் வெளியே எடுத்து வைத்ததற்கு வள்ளல் என்று கல்லில் பெயர் வெட்டிவிட்டார்கள். அந்தப் பக்கம் வண்டியில் போகும்போதெல்லாம் முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொள்கிறேன். ஐம்பத்தெட்டு வயதில் ஒருவன் தன் பெயரைப் பார்க்க வெட்கப்படுகிறான் என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். அதைத்தான் எழுதுகிறேன்.

அந்த மூன்று பேரும் ஒரே மாதத்தில் போனவர்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, ஏசி அறை, சாப்பாடு இலவசம் என்று ஒரு ஏஜென்ட் சொன்னான். அவன் அந்நியன் இல்லை. மூன்று பேரில் ஒருவனுடைய அண்ணிக்குக் கூடப் பிறந்த தம்பி. சொந்தக்காரன் சொன்னால் நம்பாமல் வேறு யார் சொல்லித்தான் நம்புவது? விமானம் இறங்கியதும் காரில் ஏற்றி, இரவெல்லாம் ஓட்டி, ஒரு ஆற்றைப் படகில் கடக்க வைத்து, வேறு நாட்டில் உயரமான மதில் சுவருக்குள் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களிடம் போனில் இனிக்க இனிக்கப் பேசி ஏமாற்றும் வேலை. அன்றைக்குச் சொன்ன அளவு ஏமாற்றவில்லை என்றால் அடி.

மூவரில் ஒருவன் அங்கேயே இறந்துபோனான். மாடியிலிருந்து விழுந்துவிட்டான் என்று சேதி வந்தது. விழுந்தானா, தள்ளினார்களா, யாருக்கும் தெரியாது. உடலும் வரவில்லை. இன்னொருவன் எப்படியோ தப்பி ஆற்றைக் கடந்து, பல கைகள் மாறி, எலும்பும் தோலுமாக ஊர் வந்து சேர்ந்தான். இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். மூன்றாமவன் உள்ளேயே மாட்டிக்கொண்டான். அந்த ஏஜென்ட்டின் சொந்தக்காரன் அவன்தான்.

இறந்தவனின் அப்பா பஞ்சாயத்துத் தலைவரிடம் போய், “பொதைக்க ஒடம்பும் வரல, ஒரு கல்லாவது நட எடம் குடும்மா” என்று கேட்டிருக்கிறார். தலைவர் நாற்பது வயதுப் பெண். நூறு நாள் வேலையில் கணக்குப் பார்க்கிற பொறுப்பில் இருந்து, வாயாலும் வேலையாலும் மேலே வந்தவர். கல் ஒருத்தனுக்கு மட்டும் ஏன், மூன்று பேருக்கும் சேர்த்துப் பூங்காவாகவே வைப்போம், இனிமேல் போகிற பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுப் போகட்டும் என்று கிராம சபையில் சொன்னார். உள்ளே மாட்டிக்கொண்டவனின் மனைவி எழுந்து, “எங்கூட்டுக்காரரு பேரு ரோட்டாண்ட தெரியற மாரி இருக்கணும். போற வர ஆபீசருங்க யாராச்சும் படிச்சிட்டு, இவன் இன்னும் வரலியான்னு கேக்கணும்” என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். இடம் எது என்று அடுத்த வரியில் சொல்லும்வரை தட்டினேன்.

சாலையோரம் இருந்த களத்துப் புறம்போக்கு என்றார்கள். ஒரு காலத்தில் ஊர் முழுக்க நெல் அடித்த பொதுக்களம். எங்கள் நிலத்தை ஒட்டி இருந்ததால் அப்பா முதலில் வைக்கோல் போர் போட்டார். பிறகு போரை மாடு மேயாமல் இருக்க முள்வேலி போட்டார். பிறகு வேலிக்குள் நான்கு தென்னங்கன்று வைத்தார். நான் பொறுப்புக்கு வந்ததும் முள்வேலியைக் கம்பி வேலியாக்கினேன். இப்படித்தான் எங்கள் பக்கத்தில் புறம்போக்கு பட்டா நிலத்தோடு கரைந்துபோகும். யாரும் திருடவில்லை, ஆனாலும் திருட்டு நடந்து முடிந்திருக்கும்.

அடுத்த வாரம் சர்வேயர் வருகிறார் என்று தெரிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, உத்திரமேரூரில் உரக்கடை வைத்திருக்கிறார். அவரிடம் போய்ப் புலம்பினேன்.

“இன்னாடா, இதுக்குப் போயி இம்மாம் பேஜாராவுற?” என்றார். “ஒரு சாமிய வெச்சிடு. எந்த சர்வேயருக்கு அத்த தாண்டி சங்கிலி போடத் தகிரியம் வரும்?”

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நிலத்தை விடக்கூடாது, ஆனால் கையில் காகிதம் இல்லை என்றால், ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசிவிடுவார்கள். காகிதத்தை ரத்து செய்ய ஆபீஸ் இருக்கிறது. மஞ்சள் பூசிய கல்லை ரத்து செய்ய எந்த ஆபீஸும் கிடையாது.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் மிக்சி வந்த நாளிலிருந்து ஒரு அம்மி கிடந்தது. ஒரு மூலை உடைந்து, துணி துவைக்கிற இடத்தில் சோப்பு வைக்கப் பயன்பட்டது. ஊர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த மத்தியான நேரத்தில் அதைச் சாக்கில் சுற்றி டிராக்டரில் வைத்துக் கொண்டுபோனேன். பாதி புதையும்படி நிற்கவைத்து நட்டேன். அடிப்பக்கம் முன்னால், அரைக்கிற பக்கம் வேலிப் பக்கமாக. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மனைவியிடம் கேட்டு வாங்கிய சிவப்பு ரவிக்கைத் துணியைச் சுற்றி, மேலே வேப்பிலை செருகினேன். தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே கும்பிடலாம் போல இருந்தது.

“சாமி கண்ணக் குத்தும்” என்றாள் மனைவி, அன்று மாலை.

“அம்மிக்கு ஏதுடி கண்ணு?” என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

சர்வேயர் வந்தார். கல்லைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டு, குங்குமம் எடுத்து வைத்துக்கொண்டு, “கோயில் இருக்கறத யாரும் சொல்லவே இல்லியே” என்று தலைவரைக் கோபித்துக்கொண்டார். தலைவர் கல்லையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“இந்த சாமி எப்பண்ணா வந்துச்சி?”

“எங்க தாத்தா காலத்துலேர்ந்து கீது.”

“இதே களத்துல நான் ஆளுங்கள வெச்சி புல்லு செதுக்கியிருக்கேன். அப்போ சாமி லீவுல போயிருந்துச்சாண்ணா?”

கூட்டம் சிரித்தது. நான் கத்தினேன். சாமி விஷயத்தில் விளையாடாதே, குடும்பம் விளங்காது என்று என்னென்னவோ கத்தினேன். நியாயம் என் பக்கம் இருந்தால் எனக்கு இவ்வளவு குரல் வராது. இது என் மனைவி பல வருடமாகச் சொல்லிவருவது. சர்வேயர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். பூங்கா நின்றது.

அதோடு முடிந்திருந்தால் இது ஊரில் வழக்கமாக நடக்கும் அயோக்கியத்தனம்தான். எழுத ஒன்றும் இல்லை.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம், கல்லின் முன்னால் அகல்விளக்கு எரிவதைப் பார்த்தேன். உள்ளே மாட்டிக்கொண்டவனின் மனைவி, கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாள். அவளுடைய அம்மா எங்கள் கழனியில் நடவு நட்டவர். அவள் காலம் மாறிவிட்டது, ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் நாலு மணிக்கு முனையில் இறக்கிவிடும். இறங்கியவள் கழுத்தில் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் நேராக வந்து நின்றிருக்கிறாள்.

கண்ணைத் திறந்ததும் என்னைப் பார்த்து, “இன்னா சாமிண்ணா இது?” என்று கேட்டாள்.

எனக்கு ஒரு பெயரும் வரவில்லை. “எங்க வூட்டு சாமிம்மா. பேரெல்லாம் ஒண்ணும் கெடையாது” என்றேன்.

“அப்ப நான் வயித்தொணையம்மான்னு கூப்புட்டுக்கறேன். அவரு வர வயிக்குத் தொணையா இருக்கட்டும்” என்றாள்.

அன்று முதல் அவள் தினமும் வந்தாள். மூன்று சுற்று சுற்றுவாள், விளக்கேற்றுவாள், கொஞ்ச நேரம் நிற்பாள், போவாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பெண்கள் வந்தார்கள். வெள்ளிக்கிழமை பொங்கல் வைத்தார்கள். வழித்துணையம்மன் என்று யாரோ வேலியில் சின்ன ஃபிளெக்ஸ் கட்டிவிட்டுப் போனார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது, உண்மை. ஆனால் அந்தக் கூச்சத்துக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. எத்தனை பேர் கும்பிடுகிறார்களோ அத்தனைக்கு இடம் கெட்டியாகிறது என்ற நிம்மதி. ஒருத்தி புருஷனுக்காக வேண்டிக்கொண்டு நிற்கும்போது, நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தென்னை மரத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

அந்தச் சமயத்தில், அங்கே அடைபட்டவர்களை மீட்டுக் கொண்டுவர ஏற்பாடு நடக்கிறது என்று சேதி வந்தது. குடும்பத்திலிருந்து புகார் மனு கொடுத்தால்தான் பெயர் பட்டியலில் ஏறும், யார் அனுப்பினார்கள் என்பதையும் அதில் எழுத வேண்டும் என்று தலைவர் விசாரித்துவந்து சொன்னார். காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு வாங்குவார்கள். அன்றே கொடுத்துவிட வேண்டும்.

அவள் வீட்டில் ரகளை. ஏஜென்ட்டின் அக்காதான் அந்த வீட்டின் மூத்த மருமகள். “எந்தம்பி பேர எய்தி கேஸு குடுத்தீன்னா, அவன் அங்க ஒரு போன் போட்டாப் போதும், உம் புருஷன உசுரோட பாக்க மாட்ட” என்று தெருவே கேட்கச் சொன்னாளாம். மாமியாரும் மூத்த மருமகள் பேச்சைக் கேட்டு பயந்துபோய், எதுவும் எழுதிக் கொடுக்கக்கூடாது, பையன் தானாக வருவான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். தப்பி வந்தவன் மட்டும், “அக்கா, குடு. இங்க பேரு இல்லாதவன அங்க தேட மாட்டாங்க” என்று சொல்லிப் பார்த்திருக்கிறான். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன் பேச்சை யார் கேட்கிறார்கள்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் என் கழனிக்கே வந்தாள். நவரைப் பட்டத்து அறுவடை. அறுவடை மெஷினுக்காக நான்கு நாள் காத்திருந்து அன்றுதான் கிடைத்திருந்தது. மெஷின்காரன் அடுத்த ஊருக்குப் போக வேண்டும் என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். மேற்கே மேகம் வேறு கருத்துக்கொண்டிருந்தது.

“அண்ணா, பூ கட்டிப் பாக்கணும். நீங்க வந்து எடுத்துக் குடுங்க” என்றாள்.

முடிவெடுக்கத் தெரியாதபோது இப்படிச் செய்வார்கள். சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று, தனித்தனியாக வெற்றிலையில் மடித்து நூல் சுற்றிச் சாமி முன்னால் வைப்பார்கள். நினைத்ததைச் செய்யலாம் என்றால் சிவப்பு வரட்டும், வேண்டாம் என்றால் வெள்ளை வரட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொள்வார்கள். ஒரு குழந்தையோ பூசாரியோ ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். எது வருகிறதோ அதுதான் சாமி வாக்கு. அதற்கு மேல் வீட்டில் யாரும் பேச முடியாது.

“எம்மா, நான் இன்னா பூசாரியா? வேற யாரையாச்சும் கூப்புடு” என்றேன்.

“உங்க வூட்டு சாமிதானண்ணா. நீங்கதான் எடுக்கணும். மாமியாரு வூட்லேர்ந்து கேட்டுக்கினு கீறாங்க. செவப்பு வந்தா திங்கக்கெயம மனு குடுக்கறேன்னு சொல்லிட்டு வந்துகீறேன்.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அம்மா, இது அம்மிக்கல், என் வீட்டில் சோப்பு வைத்துக்கொண்டிருந்த கல், இதைக் கேட்டா உன் புருஷன் உயிரை முடிவு செய்யப் போகிறாய், ஓடிப் போய் மனுவைக் கொடு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல ஐந்து நிமிஷம் போதும். ஆனால் சொன்னால் தலைவர் மறுநாளே சர்வேயரோடு வருவார். ஊர் சிரிக்கும். களம் போகும். இதெல்லாம் ஒரு நொடியில் மனசில் ஓடி முடிந்துவிட்டது. மெஷின்காரன் ஹாரன் அடித்தான். நான் வேகமாகப் போய்க் கல் முன்னால் நின்றேன். இரண்டு பொட்டலம் இருந்தது. திரும்பி மெஷின் பக்கம் பார்த்து, “தோ வந்துட்டேன்” என்று கத்திக்கொண்டே கைக்கு வந்ததை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

நூலைப் பிரித்தபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நெல் மூட்டை ஏறி முடிந்த பிறகு வந்து பார்த்தேன். கல்லின் முன்னால் வெற்றிலையின் மேல் ஒரு நந்தியாவட்டைப் பூ கிடந்தது. வெள்ளை.

திங்கட்கிழமை அவள் காஞ்சிபுரம் போகவில்லை. வழக்கம்போலக் கம்பெனி பஸ் ஏறினாள்.

பல வாரம் கழித்து ஒரு மாலை டிவியில் காட்டினார்கள். விமான நிலையத்தில் வரிசையாகப் பையன்கள். முகத்தை மறைத்துக்கொண்டு சிலர், அழுதுகொண்டு சிலர். எங்கள் மாவட்டத்துப் பையன்களும் அதில் இருந்தார்கள், இவன் அடைபட்டிருந்த அதே கட்டடத்திலிருந்து வந்தவர்கள். தப்பி வந்தவன் அவர்களில் ஒருவனைத் தேடிப் போய்ப் பேசிவிட்டு வந்தான். பெயர் கூப்பிட்டு, கூப்பிட்டவர்களை மட்டும் வெளியே விட்டார்களாம். இவன் பெயர் கூப்பிடுவார்கள் என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டே நின்றிருந்தானாம். மிச்சம் இருந்தவர்களை அன்றே வேறு எங்கேயோ வண்டியில் ஏற்றிப் போய்விட்டார்களாம்.

மனு கொடுத்திருந்தால் கட்டாயம் வந்திருப்பான் என்று யாராலும் சொல்ல முடியாது. கொடுத்தும் வராதவர்கள் உண்டு. நான் எத்தனையோ ராத்திரி அதைச் சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் பையை மாட்டிக்கொண்டு நின்றான் என்ற சேதியைக் கேட்ட பிறகு அந்தத் தேறுதல் எடுபடவில்லை. அதற்குப் பிறகு அவள் மாமியாரே கூட்டிக்கொண்டு போய் மனு கொடுக்க வைத்தார். பெயர் ஏறியது. ஆள் எங்கே என்று தெரியவில்லை. போன் அணைந்து கிடக்கிறது. இன்றுவரை வரவில்லை.

பையோடு நின்றான் என்ற சேதி வந்த மறுநாள் காலையே நான் தலைவர் வீட்டுக்குப் போனேன். “களத்த எடுத்துக்கம்மா. பூங்கா கட்டிக்க” என்றேன்.

“எடுத்துக்கன்னு சொல்றதுக்கு அது உங்களுதாண்ணா?”

“இல்ல. பஞ்சாயத்துது.”

 அவர் உள்ளே போய் வெள்ளைத்தாள் கொண்டுவந்து, எனக்கும் என் வாரிசுகளுக்கும் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார். அம்மிக்கல் விஷயத்தை அவரிடம் நான் சொல்லவில்லை. அவ்வளவு தைரியம் இன்னும் வந்திருக்கவில்லை.

பூங்கா வேலை நடந்தது. தப்பி வந்தவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். “சுத்தி செவுரு கட்டாதீங்க, கேட்டு போடாதீங்க” என்றான். அப்படியே விட்டார்கள். அதனால் ஆடுகள் தாராளமாக வந்து செடிகளைத் தின்றுவிட்டுப் போகின்றன. யாரும் அவனைக் குறை சொல்வதில்லை. கல்லை எடுக்க மட்டும் எந்த மேஸ்திரிக்கும் தைரியம் வரவில்லை. அதைச் சுற்றி நான்கடிக்குச் சிமென்ட் மேடை போட்டு மேலே தகரக் கூரையும் வைத்துவிட்டார்கள். என் பொய்க்குப் பஞ்சாயத்து செலவில் கூரை.

கல் பலகை வந்து இறங்கியபோதுதான் என் பெயரைப் பார்த்தேன். தலைவரிடம் ஓடினேன். எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன்.

“எடுக்க மாட்டேண்ணா” என்றார் அமைதியாக. “உங்க பேரு அதுல கீற வரைக்கும் உங்க பசங்க கோர்ட்டுக்குப் போயி ஸ்டே வாங்க மாட்டாங்க. பெருமைக்கு வெக்கல, பூட்டுக்கு வெச்சிகீறேன்.”



திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஒன்றியத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். இந்தக் காலத்தில் ஒரு சென்ட் இடத்துக்கு அண்ணன் தம்பி வெட்டிக்கொள்கிறார்கள், இவரைப் போன்ற மனசு யாருக்கு வரும் என்று மைக்கில் பேசினார். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். கூட்டத்தில் உரக்கடை அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இறந்தவனின் அப்பா பலகைக்கு அருகில் போய் மகன் பெயரின் ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவினார். பிறகு என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அந்தக் கையை உதறவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் நின்றேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு அவமானத்தை நான் பட்டதில்லை, அதுவும் ஊரே கை தட்டும்போது.

கூட்டம் கலைந்து, பந்தல்காரர்கள் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் பலகையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கல் வெட்டிய தூசி புருஷன் பெயரின் எழுத்துகளுக்குள் வெள்ளையாகத் தங்கியிருந்தது. அதை முந்தானை நுனியால் எடுத்துக்கொண்டிருந்தாள். சால்வையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு அவளிடம் போனேன்.

“உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்மா.”

“சொல்லுங்கண்ணா.”

“அது சாமி இல்ல. எங்க வூட்டு அம்மி. ஒடஞ்சி போனது. இந்த எடத்த வுடக்கூடாதுன்னு நான்தான் கொணாந்து நட்டேன்.”

அவள் கை நிற்கவில்லை. “தெரியும்ணா” என்றாள்.

“எப்பலேர்ந்து?” என்றேன். 

“மொத நாளே தெரியும். காத்துல வெளக்கு நிக்கல, அணையாத எடமா வெக்கலாம்னு பின்னால போனேன். அம்மி கொத்தின உளித்தடம் அப்பிடியே கீது. அம்மில அரைச்ச பொம்பளைக்கு அது தெரியாதா? உங்க வூட்ல எங்கம்மா அரைக்கறப்ப நானுந்தான் கூட இருந்துகீறேன். யாராண்டயும் நான் சொல்லல.”

“தெரிஞ்சேவா தெனமும் சுத்தின?”

“வூட்ல அய முடியாதுண்ணா, கொயந்த பாக்கும். பஸ்ஸுல அய முடியாது. சாமி முன்னால நின்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

கேட்க வேண்டாம் என்று உள்ளே ஏதோ சொன்னது. ஆனாலும் கேட்டுவிட்டேன். “அப்ப கல்லுன்னு தெரிஞ்சிக்கினே எதுக்கும்மா பூ கட்டின?”

அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“கல்லுக்கா கட்டினேன்? உங்களுக்குக் கட்டினேண்ணா. எங்க வூட்ல என் பேச்சு எடுபடல. சாமி சொல்லிச்சி, பெரிய வூட்டு அண்ணன் கையால எடுத்துக் குடுத்தாருன்னு சொன்னா எங்க மாமியாரு வாயத் தொறக்க மாட்டாங்க. செவப்பு வரணும்னுதான் உங்களத் தேடிக்கினு கயனிக்கு வந்தேன். மனு குடுக்கறதா வேணாவான்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்க படிச்சவரு. அதான் செவப்புப் பூவ மடிக்கறப்ப, வெத்தலைக்கு வெளிய பாதி தெரியற மாரியே மடிச்சி வெச்சேன். கொயந்தகூட பாத்து எடுத்திருக்கும்.”

முந்தானையை உதறிவிட்டு எழுந்தாள்.

“நீங்க குனிஞ்சிகூடப் பாக்கலண்ணா. கைய நீட்டினீங்க, எடுத்தீங்க, மெஷினாண்ட போயிட்டீங்க.”